பெல்ட் அறுந்த இன்ஜினின் பிஸ்டன்களை மறுபடி பூட்டலாமா? கடலூர் முதுநகர்ப் பட்டறை ஒன்றில் நான் கண்டது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரியில் நான் இயற்பியல் பாடம் நடத்தும் பள்ளிக்குத் தினமும் காரில்தான் போய்வருகிறேன். கடந்த மார்ச் மாதம் ஒரு காலை, முள்ளோடையைத் தாண்டிக் கிருமாம்பாக்கம் நெருங்கும்போது, எழுபது கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த என் டீசல் காரின் இன்ஜின் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிட்டது. ஸ்டீயரிங் கனத்தது, சிவப்பு விளக்குகள் எல்லாம் எரிந்தன. கிளட்சை மிதிக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. வண்டியைக் கியரிலேயே உருளவிட்டு ஓரம் கட்டினேன். டீசல் விலை குறைவு என்று புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையின் பெட்ரோல் பங்க்குகளுக்கு வரும் கடலூர் வண்டிகளில் ஒன்றின் ஓட்டுநர் இறங்கி வந்து, பானட்டைத் திறந்து, பக்கவாட்டு பிளாஸ்டிக் மூடியின் விளிம்பைச் சற்றே விலக்கிப் பார்த்துவிட்டு, "டைமிங் பெல்ட் போயிடுச்சும்மா, சாவியைத் திருப்பாதீங்க" என்றார். அவர் சொன்னபடி சாவியைத் தொடாமல் விட்டதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான காரியம்.

இந்த மதிப்புரை அதன்பின் அந்த வண்டியைச் சரிசெய்துகொடுத்த கடலூர் முதுநகர்ப் பட்டறையைப் பற்றியது. துறைமுகத்தை ஒட்டிய தெரு ஒன்றில், மீன்பிடிப் படகுகளின் டீசல் இன்ஜின்களைப் பிரித்துக் கோப்பதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட இடம் அது. கார் வேலை மாதத்துக்கு இரண்டோ மூன்றோ தான் எடுக்கிறார்கள். பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம், வரும் வேலையை முடிக்கவே ஆளில்லை என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை விட்டுவிடுகிறேன். ஆனால் அவர்கள் வேலை செய்த முறையை விரிவாக எழுதியே ஆக வேண்டும். ஏனென்றால் பெல்ட் அறுந்த வண்டியோடு நிற்கும் யாருக்கும் முதலில் எழும் கேள்விக்கு, 'பிஸ்டன்களை மாற்ற வேண்டுமா, அப்படியே விடலாமா' என்ற கேள்விக்கு, மூன்று இடங்களில் மூன்று பதில் எனக்குக் கிடைத்தது. அளந்து பார்த்துப் பதில் சொன்னவர்கள் இவர்கள் மட்டுமே.

என்ன நடந்திருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது, காற்றை உள்ளேயும் புகையை வெளியேயும் விடும் வால்வுகள் வழியைவிட்டு விலகியிருக்க வேண்டும். இந்த இரண்டு இயக்கங்களையும் ஒரே தாளத்தில் பிணைத்து வைத்திருப்பது டைமிங் பெல்ட் அல்லது டைமிங் செயின். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். பல்வைத்த ரப்பர் பெல்ட்டை இதற்குப் பயன்படுத்தித் தொழிற்சாலையில் பெருமளவில் தயாரான முதல் கார் 1962-இல் வெளிவந்த ஜெர்மனியின் கிளாஸ் 1004. நம் ஊரில் பல குடும்பங்களின் முதல் காரான மாருதி 800-இலும் பெல்ட்தான். ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் இன்ஜினில் செயின். பெல்ட் அமைதியாக ஓடும், எடை குறைவு, எண்ணெய் வேண்டாம். ஆனால் அதற்கு ஆயுள் உண்டு. அது அறுந்தவுடன் கேம் ஷாஃப்ட் சில கணங்களில் நின்றுவிடும், அப்போது திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். கிராங்க் மட்டும் நிற்காது. 2000 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 2000 சுற்றில், அது நொடிக்கு 33 முறை சுற்றுகிறது; ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஒருமுறை உச்சிக்கு வந்து, வழியில் நிற்கும் வால்வைக் குத்துகிறது. வண்டி கியரில் உருண்டால் சக்கரங்களே கிராங்கைச் சுழற்றும், குத்து தொடரும். நான் கிளட்சை மிதிக்காததன் விலை அது.

எல்லா இன்ஜின்களிலும் இப்படி மோதல் நிகழாது. சிலவற்றில் வால்வு முழுதாகத் திறந்து நின்றாலும் பிஸ்டன் எட்டாத அளவுக்கு இடைவெளி இருக்கும். டீசல் இன்ஜினில் அந்தச் சலுகைக்கு இடமே இல்லை. காற்றை நெருக்கியே சூடேற்றி எரிக்க வேண்டியிருப்பதால், பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதற்கும், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் வால்வு சாய்வாக நிற்பதால், குத்து வாங்கியதும் அதன் தண்டு எளிதில் வளைந்து கொடுத்துவிடும்; பிஸ்டனில் பிறை வடிவத்தில் மேலோட்டமான தழும்பு மட்டும் விழும், பல சமயம் அந்தப் பிஸ்டன் பழுதின்றித் தப்பிவிடும். டீசலில் வால்வு பெரும்பாலும் செங்குத்தாக நிற்கிறது. குத்தின் விசை தண்டின் வழியே நேராக மேலே, வால்வைத் தள்ளித் திறக்கும் டாப்பெட்டுக்கும், கீழே பிஸ்டன், அதை ராடோடு கோக்கும் பின், கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடு, பேரிங் என்று வரிசையாகவும் இறங்கும். ஆகவே டீசலில் பிஸ்டனின் தலையில் தெரியும் தழும்பு எவ்வளவு சிறியது என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவுசெய்ய முடியாது.

வண்டியை முதலில் இழுத்துச் சென்ற புதுச்சேரிப் பணிமனையில், "வால்வை மட்டும் மாத்திடலாம், பிஸ்டனுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, 38,000 ரூபாய்ல முடிச்சிடலாம்" என்றார்கள். ஹெட்டைக் கழற்றிப் பார்க்காமல் சொன்ன பதில் இது. இரண்டாவதாக விசாரித்த இடத்தில் இதற்கு நேர்மாறாக, "அடி வாங்கின இன்ஜினை நம்பாதீங்க, பழைய இன்ஜின் ஒண்ணு வாங்கி மாத்திடுங்க, 1,35,000 ஆகும்" என்றார்கள். அதுவும் பார்க்காமல் சொன்னதுதான். ஒன்று வண்டிக்காரரின் பணத்தைக் காப்பதுபோலத் தோன்றும் பதில், மற்றது அவருடைய அச்சத்துக்குப் பொருந்தும் பதில். இரண்டிலும் பிஸ்டன் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி இல்லை. என் பக்கத்து வீட்டுக்காரர் படகு வைத்திருப்பவர். அவர் சொல்லித்தான் முதுநகருக்குப் போனேன்.

பட்டறைத் தலைவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் அண்ணே என்றேன், அவர் முதல் நாளிலிருந்தே என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார். எவ்வளவு ஆகும் என்று கேட்டதற்கு, "ஹெட்டை எடுக்காம தொகை சொன்னா அது பொய்யாத்தான் இருக்கும் டீச்சர். ஹெட்டை இறக்கிக் காட்டறதுக்கு நாலாயிரம். அதுக்கு மேல செய்யறதும் செய்யாததும் உங்க விருப்பம்" என்றார். அந்த வார்த்தையில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.

ஹெட்டை எடுத்த நாளில் என்னை வரச்சொன்னார். அறுந்த பெல்ட்டை ஒரு தட்டில் எடுத்துவைத்திருந்தார். அதன் பற்கள் ஒரு பக்கத்தில் வரிசையாக உரிந்திருந்தன, ஓரம் தீய்ந்து நூல் பிரிந்திருந்தது. பக்கத்தில், பெல்ட்டை வழிநடத்தும் ஐட்லர் உருளை. அதன் பேரிங் இறுகிப்போய், சூட்டில் நீலம் பாய்ந்து கிடந்தது. 80,000 கிலோமீட்டரில் வேறொரு இடத்தில் பெல்ட் மாற்றிய ரசீது என்னிடம் இருந்தது. அதில் பெல்ட் மட்டும்தான் எழுதப்பட்டிருந்தது, பெல்ட்டை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரும் ஐட்லரும் வாட்டர் பம்பும் பழையனவே பூட்டப்பட்டிருந்தன. என் வண்டியில் வாட்டர் பம்பும், டீசலை அழுத்தத்தில் அனுப்பும் பம்பும்கூட இந்தப் பெல்ட்டிலேயே ஓடுகின்றன. 1,12,000 கிலோமீட்டரில் ஐட்லர் சிக்கிக்கொள்ள, புதிய பெல்ட் அதன்மேல் தேய்ந்தே அழிந்தது. பெல்ட் மாற்றும்போது அந்தப் பாதையில் சுழலும் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதை நான் இவ்வளவு செலவழித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் ரசீதை ஒருமுறை எடுத்துப் பார்த்தால் போதும்.

எட்டு வால்வுகளில் ஆறு வளைந்திருந்தன. இரண்டு டாப்பெட்டுகள் உடைந்திருந்தன. நான்கு பிஸ்டன்களின் தலையிலும் தழும்பு இருந்தது. மூன்றில் நகத்தால் தடவினால்தான் புலப்படும் அளவுக்கு, மூன்றாம் எண் பிஸ்டனில் மட்டும் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு. இதைக் கண்டதும், 'மூன்றாவதை மாற்றினால் போதுமே' என்று நானே சொல்லிவிட்டேன். அண்ணன் தலையை அசைத்தார். "மேல பாத்தா அடி விழுந்தது தெரியும் டீச்சர். அந்த அடி எங்க போய் நின்னுதுன்னு தெரியாது. அதை அளந்துதான் பாக்கணும்."

பிஸ்டன்களை வெளியே எடுப்பதற்கு முன்பே செய்யக்கூடிய அளவீடு ஒன்று உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கின் மேற்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, நுண்ணளவுகளைக் காட்டும் டயல் கேஜின் முள்ளை அந்தப் பரப்பில் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, அது பிளாக்கின் மட்டத்துக்கு மேல் எவ்வளவு எழும்புகிறது என்று அளப்பது. பிஸ்டன் பின்னின் அச்சுக்கு நேர்மேலே உள்ள இரண்டு இடங்களில்தான் முள்ளை வைக்க வேண்டும். மற்ற பக்கத்தில் வைத்தால் பிஸ்டன் லேசாக ஆடி அளவு தப்பிவிடும். கனெக்டிங் ராடு துளி வளைந்தாலும் அதன் நீளம் குறையும், பிஸ்டன் தாழ்ந்து நிற்கும். ஒன்றாம் எண் 0.19 மில்லிமீட்டர், இரண்டாம் எண் 0.18, நான்காம் எண் 0.20. மூன்றாம் எண் 0.03. அதாவது, மற்றவற்றைவிட ஏறத்தாழ 0.16 மில்லிமீட்டர் தாழ்வு. இரண்டு தாள் கனம்கூட இருக்காது. இந்த ராடோடு வால்வை மட்டும் மாற்றிப் பூட்டியிருந்தால் வண்டி ஓடியிருக்கும்; அந்த ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைவாகவும், பிஸ்டன் ஒருபக்கமாகச் சாய்ந்து சுவரைத் தேய்த்தபடியும் ஓடி, சில மாதங்களில் வேறு பெயரில் ஒரு பழுதாகத் திரும்பி வந்திருக்கும். 38,000 ரூபாய்ப் பதிலுக்கு இந்த முள்ளின் அசைவு ஒன்றே போதுமான மறுப்பு.

அன்று மாலையே இன்ஜினை இறக்குவதற்கு ஒப்புக்கொண்டேன். ஒரு ராடு வளைந்த பிறகு மற்ற மூன்றையும் உள்ளேயே விட்டு நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை. இன்ஜினே வெளியே வந்துவிட்டால் பிஸ்டன்களை எடுக்க ஆகும் கூடுதல் வேலை சொற்பம். இந்த இடத்தில் என் கருத்து அண்ணனுடையதிலிருந்து சற்று வேறுபட்டது. மூன்றும் சம உயரத்தில் நிற்பதால் எடுக்கத் தேவையில்லை என்பதே அவர் முதலில் சொன்னது. நான் வற்புறுத்திய பிறகு, எடுப்பதென்றால் முழுவதும் சோதித்துவிடலாம் என்று ஒப்பினார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். பட்டறைக்குப் பின்னால் லேத் வைத்திருப்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். எல்லாரும் ஐயா என்கிறார்கள். கரி நீக்கிக் கழுவிய நான்கு பிஸ்டன்களையும் வரிசையாக வைத்து, முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்தார். எடுத்துத் துணியால் நன்றாகத் துடைத்து, வெள்ளைச் சுண்ணக்கட்டிப் பொடியை மெல்லியதாகத் தூவி வெயில் படாத இடத்தில் வைத்தார். விரிசலுக்குள் புகுந்த மண்ணெண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து பொடியை ஈரமாக்கும் என்பது இதன் தத்துவம். நுண்துளை ஏற்றத்தைப் பலமுறை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேன். அது ஒரு இன்ஜினின் உயிரைத் தீர்மானிக்கும் இடத்தில் நிற்பதை அன்றுதான் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்து மூன்றாம் எண் பிஸ்டனின் தழும்பிலிருந்து நடுக்குழியின் விளிம்பை நோக்கி, வெள்ளைப் பொடியில், தலைமுடியின் பருமனில் ஒரு கறுத்த கோடு தோன்றியது. ஐயா எதுவும் பேசாமல் விரலால் காட்டினார். பழைய முறையை மட்டும் நம்பிவிடாமல், கடையில் வாங்கி வைத்திருந்த சிவப்புச் சாயத் தெளிப்பானைக் கொண்டும் நான்கையும் மறுபடி சோதித்தார்கள். சாயம் அடித்து, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை மேற்பூச்சு அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சிவப்பு எழும்பும். மூன்றாம் எண்ணில் அதே இடத்தில் அதே கோடு, இம்முறை சிவப்பாக. மற்ற மூன்றும் வெண்மையாகவே இருந்தன.

டீசல் பிஸ்டனின் தலையில் எரிபொருள் எரிவதற்காகக் குடைந்த குழி இருக்கிறதே, அதன் விளிம்புதான் அந்தப் பிஸ்டனிலேயே அதிக வெப்பமும் அதிக அழுத்தமும் தாங்கும் இடம். அதை நோக்கிப் போகும் விரிசல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அந்தப் பிஸ்டனைத் திரும்பப் பூட்டக் கூடாது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. வளைந்த ராடும் அப்படித்தான். பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்தித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், என் இன்ஜினுக்கு அதை நான் ஏற்கமாட்டேன். அண்ணனும் அதை முன்மொழியவில்லை.

தப்பித்த மூன்றையும் உடனே 'நல்லது' என்று ஒதுக்கிவிடவில்லை. அடி விழுந்தால், பிஸ்டனைச் சுற்றி அழுத்தம் கசியாமல் அடைக்கும் ரிங் உட்காரும் பள்ளத்தின் மேல்விளிம்பு அமுங்கி ரிங்கைப் பிடித்துக்கொள்ளக்கூடும். புதிய ரிங் ஒன்றைப் பள்ளத்தில் வைத்து முழுச்சுற்றும் உருட்டிப் பார்த்தார்கள், எங்கும் பிடிக்கவில்லை. பக்க இடைவெளியை, மெல்லிய தகடுகளாலான ஃபீலர் கேஜால் நான்கு இடங்களில் பார்த்தார்கள். பின்னில் துளி எண்ணெய் தடவி உள்ளங்கையால் அழுத்தியபோது அது வழுக்கிக்கொண்டு போனது, தட்ட வேண்டியிருக்கவில்லை. அதாவது பின் துளை உருக்குலையவில்லை. பிறகு மைக்ரோமீட்டரால், பிஸ்டனின் கீழ்ப்பகுதியான பாவாடையின் விட்டம். பிஸ்டன் பார்வைக்கு வட்டமாகத் தெரிந்தாலும் உண்மையில் நுண்ணளவில் நீள்வட்டமாகவே கடையப்படுகிறது, ஏனெனில் சூடேறும்போது அது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் விரிவதில்லை. மேலும் அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும் தன்மை உடையது. ஆகவே பின் துளைக்குச் செங்குத்தான திசையில், பாவாடையின் அடியிலிருந்து கையேடு சொல்லும் உயரத்தில் மட்டுமே அளக்க வேண்டும். சிலிண்டரின் உள்விட்டத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார்கள். தேய்மானம் அதிகமான இடத்தில் 0.02 மில்லிமீட்டர். சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போகத் தேவையே இல்லாத நிலை. தழும்பின் ஓரத்தில் எழும்பி நின்ற உலோகத்தை மட்டும் நுண்மையான எமரித் தாளால் மழித்துவிட்டார்கள். கூரான விளிம்பு தனியாகச் சூடேறித் தொல்லை தரும், டீசலில் இருக்கும் கொஞ்ச இடைவெளியையும் தின்னும் என்பது காரணம். மூன்று ராடுகளையும் ஐயா லேத்தில் கோத்து, பெரிய துளைக்கும் சிறிய துளைக்கும் உள்ள இணைத்தன்மையைப் பார்த்தார். நூறு மில்லிமீட்டர் தூரத்துக்கு 0.02, 0.02, 0.03 மில்லிமீட்டர் என்றே வித்தியாசம் வந்தது.

இந்த இடத்தில் வாசிப்பவர் நியாயமாக ஒரு கேள்வி கேட்பார்: இவ்வளவு தூரம் பிரித்த பிறகு, நான்கையும் புதிதாகவே போட்டுவிட்டால் என்ன? நானும் கேட்டேன். கணக்கு இதுதான். பின்னும் ரிங்கும் சேர்ந்த புதிய பிஸ்டன் ஒன்று 6,800 ரூபாய். பழைய மூன்றுக்கும் புதிய ரிங் செட் எப்படியும் 5,400 ரூபாய்க்கு வாங்கத்தான் வேண்டும். ஆக, மூன்றையும் மறுபடி பூட்டுவதால் மிச்சம் 15,000 ரூபாய். பெரிய தொகைதான், ஆனால் அதற்காக மட்டும் ஒரு இன்ஜினைப் பணயம் வைக்க முடியாது. அண்ணன் சொன்ன காரணம் பணமன்று. "இது தொழிற்சாலையில பூட்டின பிஸ்டன். அந்தந்த சிலிண்டருக்குன்னு தேர்ந்தெடுத்துப் போட்டது, லட்சம் கிலோமீட்டர் ஓடித் தன்னை நிரூபிச்சது. இப்ப நாம அளந்தும் பாத்தாச்சு. கடையில வாங்கற மூணு அசலா டூப்ளிகேட்டான்னு உங்களுக்கு யார் அளந்து சொல்வாங்க?" சந்தையில் போலி உதிரிபாகங்கள் எவ்வளவு புழங்குகின்றன என்பது தெரிந்தவர்களுக்கு இந்த வாதத்தின் கனம் புரியும். அளவுக்குள் இருக்கும், விரிசலற்ற, ராடு நேரான பிஸ்டனைக் கழித்துப்போட எந்தக் காரணமும் இல்லை என்றே நானும் முடிவுக்கு வந்தேன். அளக்க வசதியோ பொறுமையோ இல்லாத இடத்தில் உங்கள் வண்டி பிரிந்து கிடக்கிறது என்றால் என் விடை வேறு: அங்கே நான்கையும் மாற்றச் சொல்வேன்.

மாற்றிய அந்த ஒரு பிஸ்டனையும் எடுத்தவுடன் பூட்டவில்லை. டீசல் இன்ஜினில் ஒற்றைப் பிஸ்டனை மாற்றும்போது எடையும், உயரத்தின் வகையும் மற்ற மூன்றோடு ஒத்துப்போக வேண்டும். டிஜிட்டல் தராசில் நிறுத்தபோது பழைய மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரு கிராமுக்குள் இருந்தன. முதலில் வந்த புதிய பிஸ்டன் 9 கிராம் கூடுதலாக இருந்ததால் அதைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது 2 கிராம் வித்தியாசத்தில் அமைந்தது. புதிய ராடோடு கோத்துப் பூட்டிய பிறகு மறுபடி டயல் கேஜ் வைத்தபோது 0.19 காட்டியது.

ஹெட் வேலை குறையில்லை: எட்டு வால்வுகளும் புதிது, வால்வுத் தண்டை நேராகப் பிடிக்கும் கைடுகளில் இரண்டு மாற்றம், வால்வைத் தேய்த்துப் பொருந்த உட்காரவைக்கும் லேப்பிங், பிறகு பெட்ரோல் ஊற்றிக் கசிவு பார்த்தது. மட்டக்கோல் வைத்துப் பார்த்து வளைவில்லை என்று கண்டதால் ஃபேஸ் அடிக்கவில்லை, அதாவது பரப்பைச் சீவவில்லை. பல டீசல் ஹெட்டுகளை உற்பத்தியாளர்களே சீவ அனுமதிப்பதில்லை என்பதால் இது சரியான முடிவு. கேம் ஷாஃப்டை வீ பிளாக் என்ற V வடிவத் தாங்கியின் மேல் உருட்டி நேராக இருப்பதை உறுதிசெய்தார்கள். ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும் வகை, புதியனவே போட்டார்கள்.

சிலிண்டரின் பளபளப்பை நீக்கக் குறுக்குக் கோடாக உரசும் ஹோனிங் வேலையைச் செய்த பிறகு நடந்த கழுவலை மட்டும் தனியாகக் குறிப்பிட வேண்டும். உரசியதில் உதிர்ந்த தூள் துளி மிஞ்சினாலும் புதிய ரிங்கை அரித்துத் தின்றுவிடும். பையன் ஒருவன் சோப்புத் தண்ணீரும் பிரஷுமாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளை வேட்டித் துணியை உள்ளே விட்டுத் துடைத்து அண்ணனிடம் காட்டினான். துணியில் சாம்பல் நிறம் தெரிந்ததும் மறுபடி கழுவச் சொன்னார். நான் நின்றிருந்தபோதே இது நான்கு முறை நடந்தது. ஐந்தாம் துணி வெள்ளையாக வந்த பிறகே எண்ணெய் தடவ விட்டார்.

குறைகளையும் எழுத வேண்டும். ஒன்பது நாளில் முடியும் என்றார்கள், பத்தொன்பது நாள் ஆனது. பிஸ்டனைத் திருப்பி அனுப்பியதில் நான்கு நாள் போனது நியாயம். ரிங் செட்டைத் தாமதமாகச் சொல்லிவிட்டதில் போன நாட்களுக்கு நியாயம் இல்லை. தொலைபேசியை எடுப்பதே இல்லை. ஏதேனும் தெரிய வேண்டுமென்றால் நேரில்தான் போக வேண்டும், அத்தனை நாளும் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய்வந்துகொண்டிருந்த எனக்கு அது எளிதாக இல்லை. கடற்காற்றில் மணல் பறக்கும் இடத்தில் பட்டறை பாதி திறந்தபடி இருக்கிறது; பிரித்த இன்ஜினைத் தார்ப்பாய் போட்டு மூடித்தான் வைத்திருந்தார்கள் என்றாலும், கோப்பதற்கென்று ஒரு மூடிய அறை இருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இவ்வளவு அருமையாக எடுத்த அளவுகளை அவர்கள் எங்கும் எழுதிவைப்பதில்லை. பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கிறுக்கி, வேலை முடிந்ததும் அழித்துவிடுகிறார்கள். மேலே உள்ள எண்கள் எல்லாம் நான் என் நோட்டில் குறித்துக்கொண்டவை. வாடிக்கையாளர் கையில் அந்த அளவுச் சீட்டு ஒன்று போய்ச் சேர்ந்தால், பின்னாளில் அந்த இன்ஜினைத் தொடும் எந்த மெக்கானிக்குக்கும் அது உதவும். இதை அண்ணனிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

மொத்தச் செலவு 73,500 ரூபாய். இதில் கூலி 16,000, லேத் வேலையும் ஹெட் வேலையும் 6,000. முதலில் சொன்ன நாலாயிரம் கூலிக்குள்ளேயே அடங்கிவிட்டது. பெல்ட், டென்ஷனர், ஐட்லர் அடங்கிய செட்டுக்கு 6,500, வாட்டர் பம்புக்கு 3,800. மீதி ராடு, பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, கேஸ்கட், எண்ணெய் வகைகளுக்கு. உதிரிபாகங்கள் ஒவ்வொன்றுக்கும் கடை ரசீதும், கழற்றிய பழைய பொருளும் கைக்கு வந்தன.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொன்னார்கள், பிறகு எண்ணெய் மாற்றினார்கள். அப்போது எடுத்த கம்ப்ரஷன் அளவு, அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காட்டிய அழுத்தம், 27, 27, 26, 27 பார். இப்போது 6,000 கிலோமீட்டர் கடந்துவிட்டது. எண்ணெய் மட்டம் குறையவில்லை, காலையில் புகையில்லை, வித்தியாசமான ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் சிலிண்டரை மட்டும் நான் இன்னும் காதுகொடுத்துக் கேட்கிறேன். பானட்டைத் தூக்கினால் உட்புறத்தில் வெள்ளைப் பெயிண்டால் எழுதிய இரண்டு வரிகள் தெரியும்: பெல்ட், டென்ஷனர், ஐட்லர், பம்ப் நான்கும் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் மேல்வரியில், அடுத்து நான்கையும் சேர்த்து மாற்ற வேண்டிய தேதியும் கிலோமீட்டரும் கீழ்வரியில். அதை எழுதும்படி நான் கேட்கவில்லை, ஐயாவே எழுதிக் கொடுத்தார்.